மச்சத்தின் உண்மை நகல்

என் வலது தொடையில் ஒரு மச்சம் இருக்கிறது. இதை எழுத எனக்கு இப்போது கூச்சம் இல்லை. நான் பள்ளி இறுதி வகுப்பு முடித்த வருஷமே வேடசந்தூர் தொடங்கி குஜிலியம்பாறை வரைக்கும் தெரிந்துபோன விஷயத்தை இந்த வயதில் மூடி வைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் அது எப்படி வெளியே போனது என்பதை மட்டும் யாரும் சரியாகச் சொல்வதில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் அதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அதில் ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் வேடசந்தூருக்குக் கிழக்கே, மழையை நம்பிக் கடலையும் கம்பும் விதைக்கிற பூமி. அப்பா விவசாயி. தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார், கையெழுத்துப் போடுவார். இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாது. அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. எங்கள் ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் நான். அதனால் என்னை மேலே படிக்க வைப்பதா வேண்டாமா என்பது எங்கள் வீட்டு விஷயமாக இல்லாமல் ஊர் விஷயமாகிவிட்டது. டீக்கடையில் பேசினார்கள், களத்தில் பேசினார்கள். என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு ஆசை இருந்தது. அதை மறைக்கக் கூடாது. “படிச்சா படிக்கட்டும், அவளுக்குப் புத்தி இருக்கு” என்று அம்மாவிடம் சொன்னார். ஒரு கல்லூரியை நம்பி இருந்தால் இடம் கிடைக்காமல் போகலாம், நாலு இடத்துக்குப் போடு என்று பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தர் எனக்குச் சொல்லியிருந்தார். மதுரையில் இரண்டு, திருச்சியில் ஒன்று, பாளையங்கோட்டையில் ஒன்று. நாலு கல்லூரிக்கும் விண்ணப்பத் தாள் வரவழைத்தேன்.

அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. என்பது அட்டை போட்ட ஒரு புத்தகம். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, மார்க்கு எல்லாம் அதற்குள் இங்கிலீஷில் எழுதியிருக்கும். பரீட்சை முடிவு வந்த பிறகு அதைக் கையில் கொடுப்பார்கள். கொடுத்த அன்று, பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், பிரித்து மார்க்கைப் பார்த்தேன். மார்க்கு நன்றாகவே இருந்தது. அடுத்து ஆசையாக முதல் பக்கத்தைப் பார்த்தேன். அங்க அடையாளங்கள் என்ற இடத்தில் அழகான கையெழுத்தில், வலது தொடையில் ஒரு மச்சம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. இரண்டாவதாக, இடது முழங்காலில் ஒரு தழும்பு.

எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கே ஓடினேன். தலைமையாசிரியரிடம் போய் இதை அடித்துவிட்டு வேறு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்பதற்கு எனக்கு என்ன வார்த்தை இருந்தது? “அடையாளத்தை மாத்தணும் சார்” என்றேன். எந்த அடையாளத்தை என்று அவர் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார், மூடினார். முதல் வகுப்பில் சேர்த்தபோது தகப்பனார் சொன்னது, அந்தப் பதிவேட்டிலிருந்து இங்கே வந்திருக்கிறது, ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் எல்லாம் இப்படித்தான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐந்து வயதில் என்னைச் சேர்க்கப் போனபோது வாத்தியார் அடையாளம் கேட்டிருக்கிறார். அப்பா தனக்குத் தெரிந்ததைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் மச்சம் இருந்தால் போகிற வீட்டில் மாடு கன்று பெருகும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. முகத்தில் ஒன்றுமில்லையா, கையில் ஒன்றுமில்லையா என்று வாத்தியாரும் கேட்கவில்லை. இரண்டு ஆண்கள் கூடி ஒரு குழந்தைக்கு அடையாளம் எழுதினார்கள். அந்தக் குழந்தை ஒரு நாள் பெரிய பெண்ணாகும், நாலு ஊருக்கு விண்ணப்பம் போடும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

விண்ணப்பத்தோடு புத்தகத்தை அனுப்ப முடியாது, அது ஒன்றுதான் இருக்கிறது. அதன் உண்மை நகல் அனுப்ப வேண்டும். ட்ரூ காப்பி என்போம். இப்போதுபோலக் கண்ணாடி மேல் வைத்து வெளிச்சம் அடித்து எடுக்கிற மெஷின் அன்றைக்கு ஏது? டைப் அடித்து, பெரிய உத்தியோகஸ்தர் யாரிடமாவது கையெழுத்து வாங்க வேண்டும். நாலு கல்லூரிக்கு நாலு நகல். அதற்காக அப்பாவும் நானும் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினோம். என்னைத் தனியாக அனுப்புகிற பேச்சே கிடையாது. துணைக்கு வந்த துணைதான் கடைசியில் என்ன செய்தது என்று சொல்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், புகையிலைக் கிட்டங்கி ஒன்றுக்கு மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. படி ஏறும்போதே காரநெடியில் தும்மல் வரும். மேலே ஒரு நீள அறை. வரிசையாக மெஷின்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வாலிபன். அந்தக் காலத்தில் வேலை வேண்டும் என்றால் டைப் கற்றுக்கொள்ள வேண்டும். சுற்றுவட்டாரத்து ஊர்ப் பையன்கள் எல்லாம் சைக்கிள் மிதித்து அங்கேதான் வருவார்கள். சுவரோரமாக வந்தவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. மேஜைக்குப் பின்னால் மாஸ்டர்.

முதலில் விண்ணப்பத்தோடு வைக்கிற கடிதத்தைக் காட்டினேன். நாலு கல்லூரிக்கும் நாலு கடிதம், என் கையால் எழுதியிருந்தேன். ராத்திரி பகலாக யோசித்து எழுதியவை. ஒவ்வொரு கல்லூரியிலும் என்ன பாடம் இருக்கிறது என்று பார்த்து அதற்குத் தக்கபடி எழுதியிருந்தேன். ஒன்றில், எங்கள் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது, அதற்கு என்ன காரணம் என்று கேட்டால் உப்பு என்று மட்டும் சொல்கிறார்கள், எந்த உப்பு, ஏன் வேகவிடாது என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் ரசாயனம் படிக்க விரும்புகிறேன் என்று எழுதியிருந்தேன்.

மாஸ்டர் நாலையும் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“என்னம்மா இது, நாலு வீட்டுக்கு ஜாதகம் அனுப்புற மாதிரி நாலு விதமா எழுதியிருக்க? ஒரே லெட்டர் போதும். நம்மகிட்ட மாடல் இருக்கு. காலேஜ் பேரை மட்டும் மாத்தினாப் போதும்.”

மாடலை எடுத்துக் காட்டினார். பின்தங்கிய ஊரைச் சேர்ந்த ஏழைப் பெண்ணாகிய நான் தங்கள் பாதம் பணிந்து என்று தொடங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களுக்குத் தோட்டம் இருந்தது, மாடு இருந்தது. யார் பாதத்தையும் பணிகிற அவசியம் இல்லை. “நான் எழுதினதையே அனுப்பிக்கிறேன் சார்” என்று கடிதங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அப்பா என்னை முறைத்தார். படித்தவரிடம் எதிர்த்துப் பேசுகிறேனாம்.

அடுத்து புத்தகத்தைக் கொடுத்தேன். “இதுக்கு நாலு ட்ரூ காப்பி வேணும் சார். நீங்களே அடிச்சுக் கொடுத்துடுங்க” என்றேன். அந்த ‘நீங்களே’ என்ற வார்த்தையை எவ்வளவு அழுத்த முடியுமோ அவ்வளவு அழுத்தினேன்.

மாஸ்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வெளியார் அடிக்கக் கொடுக்கிற தாள்களை அவர் தன் கையால் அடிப்பதில்லை. அதையே பையன்களுக்குப் பயிற்சியாக வைத்துவிடுவார். மேஜையிலிருந்து உரக்கப் படிப்பார், அத்தனை மெஷினும் சேர்ந்து அடிக்கும். தப்பில்லாமல் அடித்த தாள்கள் வந்தவருக்கு. மீதியைப் பையன்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள். வந்தவருக்கும் கூலி குறையும், பையன்களுக்கும் பழகினாற்போல் ஆகும். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று திண்டுக்கல்லில் அவருக்குப் பேர் இருந்தது.

“எல்லாரும் புதுத் தாள் சொருகுங்கப்பா” என்றார். புத்தகத்தைப் பிரித்துத் தொண்டையைச் செருமினார். இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தையாக, கடைசி மெஷினுக்கும் கேட்கும்படி படிக்கத் தொடங்கினார்.

என் பெயர் அடித்தார்கள். அப்பா பெயர் அடித்தார்கள். எழுந்து போய்ப் புத்தகத்தைப் பிடுங்கியிருக்கலாமே என்று இத்தனை வருஷமாக எத்தனையோ பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஒருவரும் அந்தக் காலத்தில், அந்த அறையில், அத்தனை ஆண்களுக்கு நடுவே தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தவர்கள் இல்லை. பிடுங்கினால் ஏன் பிடுங்கினாய் என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். என்ன பதில்?

“மோல்” என்றார் மாஸ்டர். “எம், ஓ, எல், ஈ. எ மோல் ஆன் தி ரைட் தை.”

மெஷின்கள் படபடவென்று அடித்தன. ஒன்றிரண்டு மெஷின் மட்டும் செத்த நேரம் நின்றது. நின்ற மெஷின்காரர்களுக்குத்தான் இங்கிலீஷ் புரியும் என்று அர்த்தம். ஒருவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். அவனை எனக்குத் தெரியும். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, குஜிலியம்பாறைப் பக்கம் கட்டிக்கொடுத்த எங்கள் அத்தையின் மகன். பார்த்துவிட்டுக் குனிந்து அடித்தான்.

அந்த நேரத்தில் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா என்ன செய்தார் தெரியுமா? முகமெல்லாம் சிரிப்பாக என் காதருகே குனிந்தார்.

“பாத்தியா தாயி, உம் புஸ்தகத்த எத்தனை பேரு ஒக்காந்து அடிக்கிறாங்கன்னு!”

அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. அவருக்குப் புரியவில்லை, அதனால் சிரித்தார் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் மன்னிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒன்றை நினைத்து நினைத்துக் கொதித்தேன். கல்லூரிக்கு நான் எழுதின கடிதம் எனக்கே எனக்கு உரியது, வேறு யாராலும் எழுத முடியாதது. அதை எல்லாருடையதையும் போல ஆக்கச் சொன்னார்கள். என் உடம்பில் உடுப்புக்குள்ளே இருப்பது எனக்கு மட்டும் தெரிய வேண்டியது. அதை எல்லாருக்கும் ஆளுக்கொரு தாளாகக் கொடுத்தார்கள். எது என்னுடையது, எது ஊருடையது என்பதைத் தலைகீழாக வைத்திருந்தார்கள் படித்தவர்கள்.

நாலு கவரையும் நானே ஒட்டி நானே தபாலில் சேர்த்தேன். கடிதம் நான் எழுதியதுதான் போனது.

ஆனி மாதம். நாலில் ஒரு கல்லூரியிலிருந்து நேரில் வரச்சொல்லிக் கார்டு வந்தது. அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டினார். அந்தச் சந்தோஷம் அந்த வாரத்துக்குள் முடிந்தது. குஜிலியம்பாறை அத்தை வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு வந்து இறங்கினாள். மகனுக்கு என்னைக் கேட்டு வந்திருந்தாள். முறைப் பையன்தானே, கேட்பதில் தப்பில்லை. அம்மா, காலேஜுக்குப் போகிற பேச்சு நடக்கிறது என்று இழுத்தாள்.

“காலேஜுக்குப் போயி என்ன செய்யப் போறா? எங்க வீட்டுக்கு வரணும்னு அவளுக்கு எழுதியிருக்கு” என்றாள் அத்தை. என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு. “தொடையில மச்சம் இருக்குற பொண்ணு வந்தா எங்க தொழுவம் நெறையுமுல்ல அண்ணே.”

அம்மா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். அத்தையிடம் யார் சொன்னது என்று அப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவள் மகன் சொல்லித்தான் தெரிந்திருக்கும் என்று அவராகவே முடிவுகட்டி, மானம் போய்விடும் என்று நினைத்து, “யோசிச்சுச் சொல்றேன்” என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தார். பஸ் ஏற்றிவிட்டு வந்து கதவைச் சாத்தினார்.

“அந்தப் பயலுக்கு எப்படித் தெரியும்?”

நான் சொன்னேன். டைப் அடிக்கிற இடத்தில் மாஸ்டர் வாசித்தார், அவன் அங்கே இருந்தான், அவனும் அடித்தான் என்று சொன்னேன்.

“நானும் அங்கனதான ஒக்காந்திருந்தேன்? எங் காதுல விழுகலையே.”

“இங்கிலீஷ்ல வாசிச்சாருப்பா.”

“பொட்டப்புள்ளைக்குத் தொடையில மச்சம்னு எந்த வாத்தியாவது புஸ்தகத்துல எழுதுவானா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு.”

“நீங்கதான் சொல்லியிருக்கீங்க. என்னைய ஒண்ணாப்புல சேத்துவிட்டப்ப.”

“நானா?” அப்பா அடிக்கக் கை ஓங்கினார். அம்மா குறுக்கே வந்தாள். “எம் புள்ள தொடையப் பத்தி நான் ஊராங்கிட்டச் சொல்லுவேனா?”

அவருக்கு மறந்துபோயிருந்தது. நடிக்கவில்லை. சுத்தமாக மறந்துபோயிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஐந்து வயதுக் குழந்தையின் உடம்பைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறந்துபோகிற வசதி அவருக்கு இருந்தது. எனக்கு இல்லை.

அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எந்த வாத்தியாவது எழுதுவானா என்றார். எழுத மாட்டார்கள் என்றுதான் எந்த மனிதரும் நினைப்பார். நடந்தது அவ்வளவு அசிங்கமாக இருந்ததால் அதை நம்ப முடியவில்லை. எனக்கும் அந்தப் பையனுக்கும் ஏதோ இருக்கிறது என்பதை நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

ஆடியில் கல்யாணம் வைக்க முடியாது, ஆவணியில் முடித்துவிடலாம் என்று அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அந்தப் பையனை அவருக்குப் பிடித்துப்போனதால் அல்ல. வெளியே தெரிவதற்கு முன்னால் மூடிவிட வேண்டும் என்பதற்காக. கல்லூரியின் கார்டு மாடத்தில் கிடந்தது. அதில் போட்டிருந்த தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

புத்தகம் பெட்டியில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். காட்டினேன். அப்பா அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அது வெறும் கோடுகள். நான் வாசித்துக் காட்டினால் நம்பமாட்டார், பொய்யை நானே சேர்த்து வாசிக்கிறேன் என்பார். எங்கள் ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவர் கணக்குப்பிள்ளை ஒருவர்தான். அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னால் அவருக்கும் தெரிந்துபோகும். அவருக்குத் தெரிந்தால் அவர் வீட்டுக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரிந்தால் கிணற்றடிக்குத் தெரியும். எனக்கு அப்படி ஒரு அடையாளம் எழுதியிருக்கிறது என்று நிரூபிக்க வேண்டுமானால் அதை இன்னொரு ஆணுக்குச் சொல்லித்தான் நிரூபிக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், எப்படிப்பட்ட பொறி இது.

அழுது தீர்த்த பிறகு புத்தி வேலை செய்தது. ஏற்கெனவே தெரிந்தவனிடமே போனால் புதிதாக ஒருவனுக்குத் தெரியப்போவதில்லை. தலைமையாசிரியர் மறுபடியும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார், உரக்க வாசித்தவர்தான் சரி.

“அந்த மாஸ்டர்கிட்டயே போவோம்” என்றேன் அப்பாவிடம். “அவரு தமிழ்ல வாசிக்கட்டும். நான் சொன்னது பொய்யின்னா நீங்க சொல்ற எடத்துல கழுத்த நீட்டுறேன். வாய தொறக்க மாட்டேன்.”

அப்பா மறுநாள் காலையில் துண்டை உதறித் தோளில் போட்டார். போகலாம் என்று அதற்கு அர்த்தம்.

அன்றும் அத்தனை மெஷினிலும் ஆள் இருந்தது. அத்தை மகனும் இருந்தான். எங்களைப் பார்த்ததும் அவன் அடிப்பதை நிறுத்திவிட்டான். நான் புத்தகத்தை மாஸ்டர் மேஜையில் பிரித்து வைத்தேன்.

“சார், இந்தப் பக்கத்த எங்கப்பாவுக்குத் தமிழ்ல வாசிச்சுச் சொல்லுங்க.”

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. என் பெயரைச் சொன்னார். தகப்பனார் பெயரைச் சொன்னார். பிறந்த தேதி, மதம், சாதி எல்லாவற்றையும் விறுவிறுவென்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். “அங்க அடையாளம்” என்றார். நின்றுவிட்டார்.

“வாசிங்க சார்.”

“அது... பொதுவா எல்லாருக்கும் எழுதுறதுதாம்மா. மச்சம், தழும்பு, அந்த மாதிரி.”

“எங்கன்னு போட்டிருக்கு?”

மாஸ்டர் பையன்களைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். “ஏலே, எல்லாரும் செத்த நேரம் வெளிய நில்லுங்க” என்றார்.

“யாரும் போக வேண்டாம்” என்றேன். “அன்னைக்கு யாரையும் வெளிய அனுப்பலயே சார். எழுத்துக்கூட்டியில்ல வாசிச்சீங்க. இன்னைக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லுறதுக்கு ஏன் வெளிய போகணும்?”

அவர் முகம் வெளுத்துவிட்டது. கெட்ட எண்ணம் உள்ள மனிதர் இல்லை அவர். தமிழில் சொல்ல நாக்கு எழாத ஒன்றை இங்கிலீஷில் ஊருக்கே கூவலாம் என்று அவருக்கு யாரோ பழக்கிவிட்டிருந்தார்கள். இங்கிலீஷில் அது உடம்பு இல்லை, வெறும் ஸ்பெல்லிங். தமிழுக்கு வந்ததும் உடம்பாகிவிட்டது, எதிரே நிற்கிற பெண்ணின் உடம்பு.

அப்பா மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். “சொல்லுங்க சார். நான்தான் தகப்பன்.”

மாஸ்டர் அப்பாவின் காதருகே போய்ச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கூடவே, இது சேர்க்கும்போது தகப்பனார் சொல்லி எழுதுவதுதான் பெரியவரே என்று அவர் சொன்னது மட்டும் கேட்டது. அப்பா நிமிர்ந்தார். எங்கேயோ பார்த்தார். அந்த முதல் வகுப்பு வாத்தியாரையும் தன்னையும் அங்கே பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அத்தை மகன் படியில் இறங்கிக்கொண்டிருந்தான்.

பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நின்ற பிறகு அப்பா சொன்னார்.

“ஆவணிக்கு ஒண்ணும் இல்லைன்னு உங்க அத்தைகிட்டச் சொல்லிப்புடுறேன். அந்தக் காலேசுக்கு எப்பப் போகணும்?”

அவ்வளவுதான். தாயி, நான் உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு என்று சொல்லவில்லை. உன்னை அடிக்கக் கை ஓங்கினேனே என்று சொல்லவில்லை. ஊரில் இன்றைக்கும் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? அந்தக் காலத்திலேயே வந்த சம்பந்தத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் பெண்ணைக் காலேஜுக்கு அனுப்பினாரே, என்ன பெரிய மனசு என்கிறார்கள். பெரிய மனசுதான். அந்தப் பெரிய மனசுக்கு முன்னால் நான் என் ஒழுக்கத்துக்குச் சாட்சியாக ஒரு டைப்ரைட்டிங் மாஸ்டரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருந்தது.

கல்லூரிக்குப் போனோம். எந்தக் கல்லூரி என்று எழுதப்போவதில்லை. பிரின்சிபால் ஒரு அம்மாள், வெள்ளைச் சேலை. அவர் கையில் நான் எழுதின கடிதம் இருந்தது. “பருப்பு வேகாத கிணறு உங்களுடையதுதானா?” என்று சிரித்தார். அந்தத் தண்ணீரைப் பற்றியே என்னோடு பேசிக்கொண்டிருந்தார். மழை பெய்த பிறகு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா என்று கேட்டார். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்கு இடம் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, ஆபீசில் போய்ப் பதிந்துகொள்ளச் சொன்னார். வெளியே வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆபீசில் ஒரு குமாஸ்தா பெரிய பதிவேட்டைப் பிரித்து வைத்திருந்தார். பின்னால் வரிசையாக மற்றப் பெண்களும் அவர்களுடைய தகப்பன்மார்களும் நின்றார்கள். அவர் என் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, தனக்குத் தானே உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். அது அவருடைய பழக்கம் போல. நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அப்பாவுக்கும் ஏதோ தோன்றியிருக்க வேண்டும். மேஜையை ஒட்டி வந்து நின்றார்.

“சார், அடையாளம் எழுதுவீகள்ல, முழங்கால்ல ஒரு தழும்பு இருக்கு. அது ஒண்ணு போதும்.”

“புத்தகத்தில் உள்ளபடிதான் எழுதணும்” என்றார் குமாஸ்தா, தலை நிமிராமல்.

“நான்தான் சார் தகப்பன். நான் சொல்லித்தான் எழுதினது. நானே வேண்டாங்கிறேன்.”

“அதெல்லாம் இப்ப மாத்த முடியாதுங்க.”

என் சின்ன வயதில் ஒரு வாத்தியாரிடம் அப்பா தன் வாயால் சொன்னதை உடனே எழுதிக்கொண்டார்கள். இப்போது அதே வாயால் எவ்வளவு சொன்னாலும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். என் ஆத்திரத்திலும், அந்த நேரம் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

குமாஸ்தா பேனாவை மையில் தொட்டுக்கொண்டு வாசித்தார். “எ மோல்...”

திண்டுக்கல்லில் மாஸ்டர் எழுத்துக்கூட்டிக் கூவிய அந்தச் சத்தம் என்னவென்று அப்பாவுக்கு இப்போது தெரியும். சட்டென்று கையை நீட்டிப் பதிவேட்டின் மேல் வைத்துவிட்டார். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். அப்பா குனிந்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கெஞ்சினார்.

“மெதுவாச் சொல்லுங்க சார். பின்னால ஆளுக நிக்கிறாங்க.”